நாக்கின் சாட்சி

புதன்கிழமை

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீ இதை உடனே நம்ப மாட்டாய் என்று தெரியும். அதனால்தான் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நீயும் நம் வாலுவும் உன் அப்பா வீட்டில் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வாலு பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தாண்டிவிட்டாளா, இல்லை அதற்கும் வயிற்றுவலி என்று சொல்லித் தப்பிக்கிறாளா?

உன் அஞ்சலட்டை வந்தது. நான்கே வரி. மூன்று வரி பள்ளிக்கூடம், இருமல், மழை. நான்காவது வரியில், லீவுக்கு வருவதைப் பற்றி உங்கள் அக்கா சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். கையெழுத்து உன்னுடையதுதான். ஆனால் அந்த வாக்கியம் உன் அப்பா வாயிலிருந்து வந்தது போல இருந்தது. இருக்கட்டும், தப்பாகச் சொல்லவில்லை. என் குடுமி இப்போது அக்கா கையில் என்று மட்டும் புரிந்துகொண்டேன்.

மருத்துவமனையிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று. நானே எடுத்து நானே விழுங்குகிறேன். எனக்காக இங்கேயே வந்து தங்கியிருக்கிற அக்கா எதிரில் நின்று என் தொண்டைக்குழியைப் பார்க்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, முதல் வாரம் இரண்டு மாத்திரையைத் துப்பிவிட்டு விழுங்கினேன் என்று சாதித்தேன். இப்போது மாத்திரை அட்டையை அவளும் எண்ணுகிறாள், நானும் எண்ணுகிறேன். அவள் எண்ணுவது எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பாட்டில் ஆலையில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் நான் வராததற்கு மஞ்சள் காமாலை என்று நீயும் அக்காவும் சொல்லி வைத்தீர்களே, அது இன்னும் என்னை விட்டபாடில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் என் கண் இமையை இழுத்துப் பார்க்கிறான். உணவுக்கூடத்தில் பரிமாறுகிற அம்மா, எண்ணெய்ப் பண்டம் எதையும் என் தட்டில் வைப்பதில்லை. "ஈரல் பத்திரம்" என்று எச்சரிக்கிறார். இல்லாத வியாதிக்குப் பத்தியம் இருக்கிறேன். காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்குக் கண்டதெல்லாம் விஷமாகத் தெரிந்தது. அந்த வகையில் நீங்கள் சொன்னதில் பாதிதான் பொய்.

பழைய இடம் இன்னும் தரவில்லை. அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற பாட்டில்களில் கீறலும் குமிழியும் பார்க்கிற வேலைக்குத் திரும்ப வேண்டுமானால் சோதனை வைப்பார்களாம். ஆயிரம் பாட்டிலில் ஐம்பது கெட்டதைத் தெரியாமல் கலந்துவிடுவார்கள். கெட்டதை விட்டால் ஒரு குற்றம், நல்லதைத் தள்ளினாலும் ஒரு குற்றம். உனக்கு நினைவிருக்கும், வியாதி முற்றிய அன்று ஒரு மணி நேரத்தில் எழுநூறு பாட்டிலைத் தள்ளினேன். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

இன்னொரு சமாச்சாரம். தினமும் காலையில் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற மாடி அறைக்குப் போய் உட்கார்கிறேன். தியானம் என்கிறார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் நடத்துகிறார். பதினைந்து பேர், பாய் அவரவர் கொண்டுபோக வேண்டும். பணம் வாங்குவதில்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. காசு வாங்காமல் ஒருத்தர் எதற்கு விடிந்ததும் விடியாததுமாக வந்து கூட்டிப் பெருக்கி வைக்கிறார்? நான்கு நாள் அவர் செருப்பு, பை, பேசுகிற ஆட்கள் எல்லாவற்றையும் கவனித்தேன். பையில் ஒரு துண்டும் தண்ணீர்ப் புட்டியும் மட்டும்தான் இருந்தன. நான் வந்த அன்றே, மாத்திரையை நிறுத்துகிறதாக இருந்தால் இங்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் அவரைத் தள்ளாமல் வைத்திருக்கிறேன்.

மூச்சோடு சேர்த்து ஒரு நாமத்தைச் சொல்லச் சொன்னார். எந்த நாமத்தைச் சொன்னாலும் எனக்கு அதன் மேல் ஒரு கேள்வி வந்தது. அப்படியானால் உங்களுக்கு வாடிக்கையான ஒரு சொல்லைச் சொல்லுங்கள், கேட்கிறவருக்குக் கேட்கும் என்றார். இருபது வருடமாக நல்ல பாட்டில் ஒவ்வொன்றுக்கும் நான் சொல்லி வந்தது 'சரி'. அதையே சொல்கிறேன். மூச்சு உள்ளே போகிறது, சரி. வெளியே வருகிறது, சரி. சிரிக்காதே. மற்றவர்கள் கடவுள் பெயரைச் சொல்கிற இடத்தில் உன் புருஷன் பாட்டில் பாஸ் பண்ணிக்கொண்டிருக்கிறான்.

அக்கா என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள். சாயங்காலக் காபியில் இப்போதெல்லாம் சர்க்கரை தாராளம். வாலுவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் கணவன்


வெள்ளிக்கிழமை, மூன்று வாரம் கழித்து

அன்புள்ள மனைவிக்கு,

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டுதான் எழுதுகிறேன். இதைப் படித்தால், மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்பாய். நான் உன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

அக்கா காபியில் எதையோ கலக்கிறாள்.

எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. இதே வரியை உன்னைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்போதும் இதே உறுதியோடுதான் சொன்னேன். என் தட்டிலிருந்து முதல் கவளத்தை நீ சாப்பிட்டுக் காட்டினால்தான் நான் சாப்பிடுவேன் என்று எத்தனை மாதம் உன்னை உட்கார வைத்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லுவாய். நான் உன் தொண்டையைப் பார்ப்பேன். இப்போது அக்கா என் தொண்டையைப் பார்க்கும்போது அது எப்படி இருக்கும் என்று தெரிகிறது.

அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. கண்ணால் கண்டதை ஒரு தாளிலும், மனசில் பட்டதை வேறொரு தாளிலும் எழுதுகிறேன். மனசுத் தாள் நிரம்பி வழிகிறது, அதை விடு. கண்ட தாளில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். விருந்தாளிக்கே அரைக் கரண்டி சர்க்கரையோடு நிறுத்துகிற அக்கா எனக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடப் போடுகிறாள். நான் குடித்து முடிக்கும் வரை கதவுப் பக்கம் நின்று ஏதாவது பேச்சுக் கொடுக்கிறாள். மற்றப் பாத்திரம் காலை வரை தொட்டியில் கிடக்கும், என் தம்ளர் மட்டும் அப்போதே கழுவப்படுகிறது. செவ்வாய்க்கிழமை கரண்டியின் முதுகில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தானைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். அன்று நானே போட்ட காபியில், மற்ற நாள் அடிநாக்கில் நிற்கிற அந்த மருந்துக் கசப்பு இல்லை. மூன்று ஞாயிறும் இல்லை.

கை நடுங்குகிறது. பெட்டி ஒட்டும்போது பசை கோணலாகப் போகிறது. மத்தியானம் நின்றபடியே தூங்குகிறேன். மேற்பார்வையாளர் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காமாலை திரும்பிவிட்டதா என்று கேட்டார். சோதனைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. இந்தக் கையோடு நான் எந்தப் பாட்டிலைத் தூக்குவேன்?

மருத்துவர் கொடுத்த அட்டையில் கணக்கு சரியாக இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை. அப்படியானால் அவள் கலப்பது எங்கிருந்து வருகிறது? யார் கொடுத்தது? இந்தக் கேள்விக்குப் பிறகு மனசுத் தாளில் நான் எழுதியதை உனக்குச் சொல்ல மாட்டேன். உன் அப்பா பெயர்கூட அதில் வந்தது.

அக்காவிடம் கேட்டால் வியாதி திரும்பிவிட்டது என்பாள். அதையே உனக்கும் எழுதுவாள். நீ வர மாட்டாய். கேட்காவிட்டால் அது என்னவென்று தெரியாமல் தினமும் குடிக்க வேண்டும், வேலை போய்விடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ரகசியமாகத் தொட்டியில் ஊற்றிவிடலாம். இரண்டு நாள் ஊற்றியும் பார்த்தேன். ஊற்றும்போது பழைய ஆளாகவே ஆகிவிட்டேன். அந்தத் திருட்டு முழி, அந்தக் காது கூர்மை, எல்லாம் தயாராக வந்து நின்றன. மூன்றாம் நாள் ஊற்றவில்லை.

நேற்று இன்னொன்று பார்த்தேன். கடைத்தெருவில் அக்காவும் கண்டக்டரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள், அவர் தலையை ஆட்டுகிறார். இரண்டு பேரும் கூட்டு என்று அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டேன். இன்று காலை மாடிக்குப் போகாமல் படுத்துவிடலாமா என்று பார்த்தேன். போனேன். எல்லோரும் எழுந்து போன பிறகு அவரிடமே, எங்கள் அக்கா உங்களிடம் என்ன சொன்னாள் என்று கேட்டுவிட்டேன். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டே, "உங்களுக்குக் குணமாயிடுச்சான்னு கேட்டாங்க. என்னைக் கேக்காதீங்க, அவரையே கேளுங்கன்னேன்" என்றார். அவ்வளவுதான். நான் ஒரு நாளும் ஒரு ராத்திரியும் கட்டிய கோட்டை ஒரே வரியில் போய்விட்டது.

பிறகு காபி விஷயத்தைப் பெயர் சொல்லாமல் அவரிடம் சொன்னேன். ஒரு சந்தேகம் இருக்கிறது, அது உண்மையா வியாதியா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். அவர், "சந்தேகமும் ஒரு பயணிதான், ஏத்திக்குங்க. ஆனா வண்டிய ஓட்ட விட்டுடாதீங்க" என்றார். கண்டக்டர் புத்தி. கோபம் ஆறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகும் கேள்வி மிச்சம் இருந்தால் சம்பந்தப்பட்டவரிடமே போய் மெதுவாகக் கேளுங்கள் என்றார். சொல்வது சுலபம். அவர் வீட்டில் அவருக்குக் காபி போடுவது அவர் மனைவி.

இதை மடித்து வைக்கிறேன்.

உன் கணவன்


புதன்கிழமை

அன்புள்ள மனைவிக்கு,

மடித்து வைத்த கடிதத்தையும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன். அதை முதலில் படித்துவிட்டு இதற்கு வா.

திங்கள் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். சரி, சரி, சரி. கோபம் இறங்கியது, கேள்வி இறங்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன். அக்கா தம்ளரை நீட்டினாள். வாங்கி மேடையில் வைத்தேன். அக்கா, காபியில் மாத்திரை கலக்குகிறாயா, சும்மா கேட்கிறேன், சண்டைக்கு வரவில்லை என்றேன். குரல் உயரவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

அவள் இல்லை என்று சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ முழுங்குறியா, நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு ஏமாத்துறியான்னு நான் எப்படிடா கண்டுபிடிக்கிறது? ராத்திரி கண்ண மூடுனா நீ தட்டைத் தூக்கி எறிஞ்சதுதான் வருது" என்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை கொஞ்சம் அடங்கியதும், "அவ ரெண்டு வருஷம் கலந்தா. நான் செஞ்சா மட்டும் குத்தமா" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். எதைக் கலந்தாய், எடுத்துக் கொடு என்று கையை நீட்டினேன். வேறு வழியில்லாமல் எழுந்து, மேல் தட்டில் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்த சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே ஏழெட்டு பழைய அட்டைகள். பழுப்பேறிய ஒரு துண்டுக் காகிதம், அதில் இப்படி: சாயங்காலம் பாதி, கரண்டியால் நன்றாக நுணுக்கவும், சர்க்கரை கூடப் போட்டால் தெரியாது. கையெழுத்து யாருடையது என்று தெரிய உன் அஞ்சலட்டையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வைத்துப் பார்த்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்தானே.

முதலில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். அசிங்கமான சந்தோஷம். என் நாக்கு பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு வருடமும் சாப்பாட்டில் ஏதோ இருந்தது. உன்னையும் அக்காவையும் உன் அப்பாவையும் நிற்க வைத்து, இப்போது யாருக்குப் பைத்தியம் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அதற்குப் பின்னால் கோபம் வந்தது. முதல் கவளத்தை நீ சாப்பிட்டுக் காட்டினாயே, கலந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டே சாப்பிட்டாயே. நான் உன் கண்ணைப் பார்த்து, இதில் என்ன கலந்தாய் என்று கேட்டபோது, உங்களுக்கு மனப்பிராந்தி என்றாயே. அன்று சாயங்காலம் முழுக்க 'சரி' என்ற சொல் என் வாயில் வரவில்லை.

மறுநாள் காலை மாடியில் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடியதும் அழுகைதான் வந்தது. யாரும் என்ன என்று கேட்கவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த தையற்காரர் தன் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார். அழுது ஓய்ந்த பிறகு ஒன்று தோன்றியது. உலகத்தில் ஓடுகிற பாட்டில் எல்லாவற்றையும் நான் ஒருத்தனே பார்த்தாக வேண்டும் என்று இத்தனை வருடம் கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். என் தட்டு, உன் முகம், குழந்தையின் தண்ணீர்ப் புட்டி, தெருவில் நிற்கிறவன், எல்லாம் என் பொறுப்பு. அப்படியில்லை. எனக்கு மேலேயும் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். நான் கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் ஒன்றும் உடைந்துவிடாது. அவருக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தோள் இரண்டும் கீழே இறங்கின.

அதற்குப் பிறகுதான் உன்னை நினைக்க முடிந்தது. மருத்துவரிடம் வரச் சொல்லி என்னை எத்தனை தடவை கூப்பிட்டாய். எனக்கென்ன பைத்தியமா என்று செருப்பை எறிந்தேன். நீ தனியாகப் போய், வெளியே நாற்காலியில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டே வாங்கி வந்திருப்பாய். புருஷனுக்கு மனநோய் என்று யாரிடம் சொல்வாய்? சொன்னால் வாலுவோடு யார் விளையாட வருவார்கள்? எனக்கும் சொல்ல முடியாது, ஊருக்கும் சொல்ல முடியாது. சாப்பாட்டில் கலந்தாய். சாப்பாட்டில் ஏதோ இருந்தது என்று நான் சொன்னது உண்மை. விஷம் என்று சொன்னது என் வியாதி. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல நம் வீட்டில் அன்று ஆள் இல்லை.

நேற்றே அக்காவைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போனேன். டப்பாவைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அது பழைய மருந்து, மருத்துவமனையில் சேர்ந்த அன்றே நிறுத்தியது, இரண்டும் சேர்ந்துதான் இந்த நடுக்கம், தூக்கம் எல்லாம் என்றார். அக்காவுக்கு நல்ல திட்டு. எனக்கே பாவமாக இருந்தது. இரண்டு வாரத்தில் கை நேராகிவிடுமாம். நான் எழுதி வைத்திருந்த கண்ட தாளை அவரிடம் காட்டினேன், வியாதி திரும்பிவிட்டதா என்று கேட்டேன். மெதுவாகப் படித்துவிட்டு, "சந்தேகப்பட்டதை விடுங்க. கேட்ட விதத்தைப் பாருங்க" என்றார். சோதனை அடுத்த வியாழன் என்றிருந்ததை மேற்பார்வையாளரிடம் சொல்லித் தள்ளிப்போட்டேன். அவரிடம் காமாலை இல்லை, மனநோய் என்று சொன்னேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, தன் தம்பிக்கும் இருக்கிறது என்றார், வீட்டில் காசநோய் என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம்.

அக்கா உனக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டி என்னிடமே தபாலில் போடக் கொடுத்திருக்கிறாள். நீ யார் சொல்லைக் கேட்டு வருவதாக எழுதினாயோ அவள் சொல் அந்த உறைக்குள் இருக்கிறது. தேறிவிட்டான் என்றும் எழுதியிருக்கலாம், மறுபடி கிளம்பிவிட்டான் என்றும் எழுதியிருக்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு வரியாவது தெரியும், மெல்லிய உறைதான். பிடிக்கவில்லை. இதோடு சேர்த்து ஒரே பெட்டியில் போடப் போகிறேன்.

கலந்தாயா என்று உன்னைக் கேட்க மாட்டேன், தெரிந்துவிட்டது. நீ மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். நானும் உன்னிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதைக் காகிதத்தில் கேட்க முடியாது. ஒரே ஒரு வேண்டுகோள். அன்று வாலு என் தட்டில் கை வைத்தாளே, நான் அவள் கையை ஓங்கித் தட்டிவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? கை சிவந்துபோய் உன் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதற்குப் பிறகு என் பக்கம் வரவேயில்லை. அதில் விஷம் இருக்கிறது, குழந்தை சாப்பிட்டுவிடுவாள் என்றுதான் தட்டினேன். அவளுக்கு அது தெரியாது. அப்பா தன்னை அடித்தார் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அப்பா அடிக்கவில்லை, அம்மாவும் கெடுதல் செய்யவில்லை என்று யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும். நான் மட்டும் சொன்னால் நம்ப மாட்டாள். நீ மட்டும் சொன்னால் பாதிதான் புரியும். இரண்டு பேரும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துதான் சொல்ல முடியும்.

குழந்தைக்கும் உனக்கும் ஒரு குறையும் வராமல், எனக்கு மேலே இருந்து பார்க்கிற அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் கணவன்